மணிக்குப் பத்தியம்

1962 ஜூன் 11, திங்கள்

காலையிலிருந்து காற்று. வாசலில் காயப்போட்ட துணி எல்லாம் மண். குழாயில் இன்றும் தண்ணீர் இல்லை.

மணியை மாட்டாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். மூன்றாவது தடவை. ரோட்டில் எல்லோரும் ஒதுங்கி நடந்தார்கள், வெறிநாய் என்று நினைப்பு. வயிற்றில் முடியே இல்லை. காதுக்குள் ரத்தச் சிவப்பு. காலிடுக்கில் நீர் வடிகிறது. நின்றால் சொறி, உட்கார்ந்தால் சொறி. கந்தகமும் வேப்பெண்ணெயும் பூசிப் பூசி வீடு நாறியதுதான் மிச்சம்.

புது டாக்டர், சின்ன வயது. தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். சொறிப்பூச்சி இல்லையாம்.

"தின்கிற தீனியில ஏதோ ஒண்ணு இதுக்கு ஒத்துக்கலைம்மா. அலர்ஜி."

எது என்று கேட்டேன்.

"அது தெரியாது. அதனால எல்லாத்தையும் நிறுத்துங்க. இதுவரைக்கும் இது தின்னே இருக்காத ஒரு தானியம், தின்னே இருக்காத ஒரு கறி. அது ரெண்டும்தான், குடிக்கத் தண்ணி. வேற ஒரு பருக்கைகூட வாயில படக் கூடாது. ரெண்டு மாசம் ஆனாலும் விடாதீங்க."

மனுஷருக்குப் பத்தியம் பார்த்திருக்கிறேன். நாய்க்கும் பத்தியமா!

செய்துதான் ஆகவேண்டும். நேற்று வேடசந்தூரிலிருந்து அண்ணன் வந்திருந்தான். மில்லில் கிளார்க் ஆனதிலிருந்து பேச்செல்லாம் உத்தரவு. "சீக்காளி கட்டிலுக்குக் கீழ சீக்கு நாய். இது வீடா, என்னா? ஆகஸ்டுல நான் வாரப்ப இது இங்க இருக்கக் கூடாது, பிலோமி. முனிசிபாலிட்டி ஆளுகிட்டச் சொல்லி வச்சிட்டேன், வந்து பிடிச்சுட்டுப் போயிருவான்." பிடித்துக்கொண்டு போய் என்ன செய்வார்கள் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்பா கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். வாதம் அடித்த வலது கை போர்வைக்குள். இடது கை மணியின் தலைமேல்.

அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் ஆயுசு முழுக்கத் தோல் தரம் பிரித்தவர். கண்ணை மூடித் தடவியே செம்மறியா வெள்ளாடா என்று சொல்லிவிடுவார். மணி அங்கே பிறந்த குட்டி. சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

ஜூன் 12, செவ்வாய்

மாலை டூட்டி. அதற்கு முன் கணக்கெடுப்பு.

மணி இதுவரை தின்றது: அரிசிச் சோறு, ஆட்டு எலும்பு, மாட்டுக்கறி, பால், ரொட்டி, முட்டை, கேப்பைக்கூழ், வடை, ஒருமுறை என் செருப்பு. நற்கருணை அப்பம் ஒன்றுதான் பாக்கி. ஆண்டவர் மன்னிக்கட்டும்.

தின்னாதது: சாமை, மீன். மீன் எங்கள் வீட்டுக்குள் வந்ததே இல்லை. அப்பாவுக்கு வாடை ஆகாது. வெள்ளிக்கிழமை கறி ஆகாது, சுத்தபோசனம் என்று தெருவே மீன் வாங்கும்போதும் எங்களுக்குப் பருப்புதான்.

சாமை, தானியம் விற்க வரும் குஜிலியம்பாறைக்காரி கூடையில் கிடைத்தது. மீன், குளத்துக் கெண்டை. முள் எடுத்தே விரல் நாறிவிட்டது. உப்பில்லாமல் வேகவைத்துப் பிசைந்து வைத்தேன். மணி முகர்ந்தது. என்னைப் பார்த்தது. பிறகு ஒரே மூச்சில் தின்று தட்டைத் தள்ளிக்கொண்டே போய்ச் சுவரில் முட்டியது.

அப்பா மூக்கைச் சுளித்தார். "என்னா தாயி... நாத்தம்." தை மாதம் விழுந்ததிலிருந்து பேச்சு குழறல். இன்று தெளிவாக வந்தது இது ஒன்றுதான்.

பாக்கியம் அக்காவிடம் விளக்கிச் சொன்னேன். பக்கத்து வீடு. எனக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை இருக்கும் நேரமெல்லாம் அப்பாவைப் பார்த்துக்கொள்வது அவள்தான். "நாய்க்கு வேற எதுவும் போட்றாதீங்கக்கா." சிரித்தாள். "அய்யாவுக்கு உப்பில்லாப் பத்தியம், நாய்க்கு மீன் பத்தியம். நீ எப்ப சாப்டுவ, பாப்பா?"

அப்பாவுக்குப் பெரிய டாக்டர் சொன்னது: உப்பு அறவே கூடாது. பால், ரொட்டி, அரைவேக்காட்டு முட்டை.

ஜூன் 22, வெள்ளி

காது வலி. எட்டு மணி நேரம் ஹெட்செட். மெட்ராஸ் டிரங்க் கால் ஒருவருக்கு மூன்று தடவை அறுந்து, திட்டு எனக்கு.

மணி அப்படியேதான். ஒரு காதில் புதுப் புண். சாமையும் மீனும் தவிர ஒன்றும் கொடுக்கவில்லை. டாக்டர் பொறுமை என்கிறார்.

அப்பாவின் கிண்ணம் மட்டும் தினமும் காலி. அதுவாவது. ஆனாலும் இளைக்கிறார், தோள் எலும்பு துருத்துகிறது. கேட்டால், வாதம் வந்தவர்களுக்குச் சதை வற்றும் என்கிறார் பெரிய டாக்டர்.

சோப்பு வாங்க மறந்தேன்.

ஜூன் 30, சனி

மாட்டாஸ்பத்திரி. டாக்டர் மணியின் வயிற்றைப் பார்த்தார், பிறகு என்னை.

"யாரோ கொடுக்கிறாங்கம்மா."

"யாரும் இல்ல சார்."

"நீங்க வீட்ல இல்லாத நேரம் யாரு இருக்கா?"

வழியெல்லாம் கோபம் ஏறிக்கொண்டே வந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் பாக்கியம் அக்காவிடம் கேட்டேவிட்டேன். பாவம் பார்த்து ஏதாவது போட்டீர்களா என்றுதான் ஆரம்பித்தேன். அப்படியே முடிக்கவில்லை.

"திருட்டுத்தனமா நாய்க்குச் சோறு போடுறவளா நானு? மாதா மேல சத்தியமாச் சொல்றேன், பாப்பா. ஒரு பருக்கை போடல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அய்யாவுக்காகத்தேன் இனிமே வருவேன். உங்கிட்டப் பேச மாட்டேன்" என்றாள்.

அப்பா எல்லாம் கேட்டுக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருந்தார்.

நான் நம்பவில்லை. சத்தியம் செய்வது எல்லோருக்கும் சுலபம்.

ஜூலை 2, திங்கள்

மணியைக் கொல்லைப்புறம் வேம்பில் கட்டினேன். யார் கையும் எட்டாத இடம். ஒரே ஊளை.

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ரொட்டி ஊறிக் கிண்ணத்தில் அப்படியே. "பசி... இல்ல."

நாய்க்காக வீம்பு. குழந்தை மாதிரி.

ஜூலை 9, திங்கள்

காற்று நிற்கவில்லை. கண்ணெல்லாம் எரிச்சல்.

காலையில் நான் ஊட்டினால் இரண்டு மூன்று வாய். மத்தியானம் நான் இல்லாதபோது ஒன்றும் இல்லை. பா. அக்கா கிண்ணத்தை என் கண்ணில் படும்படி வாசற்படியில் வைத்துவிட்டுப் போகிறாள், முழுக் கிண்ணம், வார்த்தை கிடையாது.

அப்பாவிடம் கத்திவிட்டேன். "உங்களுக்காகத்தானப்பா செய்றேன்!" யாருக்காக என்று அவருக்குத் தெரியாதா. கத்தியபிறகு வெட்கம். தலைவாரிக்கொண்டு டூட்டிக்குப் போனேன்.

மணியின் காதில் சிவப்பு குறைகிறது.

ஜூலை 17, செவ்வாய்

மணிக்கு முடி முளைக்கிறது! வயிற்றில் சாம்பல் நிறத்தில் பொடிப் பொடியாக. இன்று காலை முழுவதும் ஒரு தடவைகூடச் சொறியவில்லை. நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன், பால் பொங்கிவிட்டது.

பா. அக்கா நேற்றே தாடிக்கொம்பு போய்விட்டாள், மகளுக்குப் பிரசவம். நன்றாகப் போயிற்று என்று நினைத்தேன். சூப்பர்வைசரிடம் கெஞ்சி நான்கு நாளைக்கு அரை நாள் டூட்டி.

அவள்தான் இல்லையே, இனிப் பயமில்லை. மணியை அவிழ்த்து அப்பாவிடம் கூட்டிப் போனேன். அது கட்டிலில் முன்னங்காலைத் தூக்கிப் போட்டது. அப்பா முகம் கோணியபடியே சிரித்தார். தைக்குப் பிறகு முதல் சிரிப்பு.

ஜூலை 18, புதன்

டூட்டி முடிந்து ஓடிவந்தேன். அப்பாவின் கிண்ணம் காலி! துடைத்து வைத்ததுபோல் காலி. நாய் வந்ததும் பசி வந்துவிட்டது. மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி.

ஜூலை 20, வெள்ளி

மணி சொறிகிறது. வாயோரம் சிவந்து, காது தடித்து.

டாக்டர் கேட்டது ஒரே கேள்வி. "ரெண்டு மூணு நாளா புதுசா என்ன தின்னுச்சு?"

ஒன்றுமில்லை என்றேன். பக்கத்து வீட்டுப் பெண்கூட ஊரில் இல்லை சார், வீட்டில் நானும் அப்பாவும்தான் என்றேன். சொல்லிவிட்டு வந்து எக்ஸ்சேஞ்ச் போர்டில் உட்கார்ந்தேன். "நம்பர் ப்ளீஸ்" என்று எவருக்கோ சொல்லிக்கொண்டிருக்கும்போது, நடுவில், நினைவுக்கு வந்தது.

காலிக் கிண்ணம்.

எழுத முடியவில்லை.

ஜூலை 21, சனி

டூட்டிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

அப்பா ரொட்டியைப் பாலில் தோய்த்தார். இடது கை கட்டிலுக்குக் கீழே போயிற்று. குனிந்துகூடப் பார்க்கவில்லை. மணி சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டது. இருவருக்கும் பழகிய வேலை. ரொட்டி, பிறகு முட்டை. கடைசியில் கிண்ணத்தையே இறக்கிப் பிடித்தார், அது நக்கியது. பிறகு துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். சாப்பிட்டவர்போல. எனக்காக.

எத்தனை மாதமாக. கிண்ணத்தைக் கழுவும்போதெல்லாம் நிம்மதியாகக் கழுவியிருக்கிறேன். மணியின் தோல் மட்டும் உண்மையைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. அதைத்தான் நான் மருந்து போட்டு மறைக்கப் பார்த்தேன்.

ஜூலை 22, ஞாயிறு

பூசை முடிந்து வந்து கேட்டேன். "ஏம்ப்பா?"

அப்பா தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

"எறங்கல."

"எறங்கலைன்னா சொல்லலாம்ல?"

"போதும் தாயி. நீ எம்புட்டு நாளைக்கு..." முடிக்க வரவில்லை. மறுபடி: "அதுவாச்சும்... திங்கட்டும்னு."

போதும் என்கிறார். என்னிடம். எனக்கு வந்த கோபத்தில் என்ன பேசுகிறேன் என்றே தெரியவில்லை. "அது தின்னுதான்ப்பா இந்தக் கதி! உங்க பாலும் ரொட்டியும்தான் அது தோலை உரிக்குது. அதுக்குத்தான் அண்ணன் அதைக் கொல்லக் கொடுக்கச் சொல்றான்!"

அப்பா நாக்கைத் தட்டி மணியைக் கூப்பிட்டார். வயிற்றைத் தடவினார். காது, தொடை இடுக்கு, திரும்ப வயிறு. தோல் ஷாப்பில் தடவுவதுபோலவே, கண்ணை மூடிக்கொண்டு. புண் வந்த இடத்தில் விரல் நின்றது.

"நானா?" என்றார். "நானா பண்ணேன்?"

அழுதார். துடைக்க நான் போனதும் கையைத் தட்டிவிட்டார். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லாமல் இருந்திருக்கவும் முடியாது.

ஜூலை 23, திங்கள்

போர்டில் கூட்டம் குறைந்ததும் வேடசந்தூர் மில்லுக்கு லைன் போட்டு அண்ணனைக் கூப்பிட்டேன். எல்லாம் சொன்னேன்.

"அப்பாவா?" என்றான்.

பிறகு, "நாயப் பிடிக்க வர வேணாம்னு சொல்லிர்றேன்" என்றான். குரலில் உத்தரவு எதுவும் இல்லை. பாவமாக இருந்தது.

ஜூலை 25, புதன்

நேற்றும் இன்றும் அப்பா எதையும் தொடவில்லை. மணிக்கும் கொடுக்கவில்லை. கையை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டே படுத்திருக்கிறார். அது வந்து முகத்தால் இடித்தாலும் இறக்குவதில்லை. தண்ணீர் மட்டும் கொஞ்சம். பெரிய டாக்டர் மூக்கில் குழாய் போடலாமா என்று பேசுகிறார்.

தாடிக்கொம்பு பஸ் பிடித்துப் போய்ப் பா. அக்காவைப் பார்த்தேன். பேத்தி பிறந்திருக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து நினைத்துக்கொண்டு போன மன்னிப்பு ஒன்றும் வாயில் வரவில்லை. சொல்ல ஆரம்பித்து, அப்பா சாப்பிடாத கதையைச் சொல்லி, அழுதுவிட்டேன்.

அவளுக்குக் கோபம் போகவில்லை. "எம்மேல சந்தேகப்பட்டியே" என்றாள், இரண்டு தடவை. பிறகுதான், "அய்யா ஒரு நாளும் தனியாச் சாப்ட்டதில்ல பாப்பா. ஷாப்புல இருக்கையிலயும் நாலு பேருக்குக் குடுத்துட்டுத்தேன் திம்பாரு. இப்ப அந்தக் கைக்கு எட்டுறது நாய் ஒண்ணுதேன்" என்றாள்.

பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். கொடுக்காமல் சாப்பிட மாட்டார். கொடுத்தால் மணிக்கு ஆகாது. மணிக்கு ஆவது எது? உப்பில்லாத சாமை, உப்பில்லாத மீன். அப்பாவுக்கும் உப்புதானே ஆகாது.

ஜூலை 26, வியாழன்

பெரிய டாக்டரைக் கேட்டேன். சாமை, மீன் தாராளமாகக் கொடுக்கலாமாம், நல்லதாம். நாய்ப் பானை என்று சொல்லவில்லை.

ஒரே பானை. முள்ளை இரண்டு தடவை பார்த்தேன். கிண்ணத்தை வைத்து, "இதுல இருந்து மணிக்குக் குடுக்கலாம்ப்பா. அதுக்கு ஒண்ணும் பண்ணாது" என்றேன். நம்பாமல் பார்த்தார். மூக்கைச் சுளித்தார். வெகுநேரம் கழித்து நெஞ்சிலிருந்து கை இறங்கியது. மணிக்கு ஒரு கவளம். தனக்கு ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் புரிகிறது. ஒரே பானை என்றால் மணியின் தோல் இனி எனக்கு எதையும் சொல்லாது. அவர் தின்றாரா, அது தின்றதா, உட்கார்ந்து பார்த்தால்தான் உண்டு. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரும்படி டூட்டி மாற்றக் கேட்டு எழுதிக் கொடுத்தேன்.

ஜூலை 29, ஞாயிறு

காற்று அடங்கி, தூறல்.

கட்டில் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். மணிக்கு ஒரு கவளம். அது விழுங்கியது. அடுத்ததையும் அதற்கே நீட்டினார்.

"நீங்கப்பா."

கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீ?"

"நான் அப்பறம் சாப்டுறேன்."

"இதையா?"

அடுப்படியில் எனக்கு அரிசிச் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் இருந்தன. உப்பும் உறைப்புமாக, மூடி வைத்து. அவருக்கு அந்த வாசனை தெரியாதா. எழுந்து போய் ஒரு தட்டை எடுத்து, அந்தப் பானையிலிருந்தே போட்டுக்கொண்டு வந்தேன். ஒரு வாய் வைத்தேன்.

உப்பில்லாமல், மண்ணைத் தின்பதுபோல். தையிலிருந்து இதைத்தான் சாப்பிடு சாப்பிடு என்று அவரைத் திட்டியிருக்கிறேன். ஒரு நாள், ஒரு விரல் நக்கிக்கூடப் பார்த்ததில்லை. தொண்டையில் நின்றது. துப்பத்தான் வந்தது.

அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விழுங்கினேன்.

வாயைத் திறந்தார்.