பூவிரலிப் புத்தகத்தின் மீது ஒரு சந்தேகம்

அனுப்புநர்:
பெண்கள் வாயில் சோதனையாளர்,
ஆயத்த ஆடைத் தொழிற்சாலை.

பெறுநர்:
உயர்திரு நூலக அலுவலர் அவர்கள்,
பொது நூலகம்.

பொருள்: குழந்தைகள் பிரிவில் இரவல் தரப்படும் ‘பூவிரலி’ என்னும் படக்கதைப் புத்தகத்தை விசாரிக்கக் கோருதல் – அதே புத்தகத்தைத் திங்கட்கிழமை வரை என்னிடமே விட்டுவைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வேலை முடிந்து வெளியே போகும் பெண்களின் பைகளைத் திறந்து பார்ப்பது என் வேலை. சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆகவே இம்மனுவில் சந்தேகம் சற்றுத் தூக்கலாக இருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

2. இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் சிட்டு (வீட்டில் அழைக்கும் பெயர்) இப்புத்தகத்தைக் கொண்டுவந்த அன்றே எனக்கு உறுத்தியது. படக்கதை வீரர் என்றால் பறக்க வேண்டும், இல்லையென்றால் சுவரையாவது இடிக்க வேண்டும். இந்தப் பூவிரலிக்கு அதெல்லாம் வராது. அவளுடைய சக்தி அன்பாம். அது என்ன அன்பு என்று உள்ளே படித்துப் பார்த்தது பின்னால்தான்: முகம் வாடிய யாரையாவது கண்டால், பட்டன்களை நூலில் கோத்துப் பூச் செய்து, அவர் பையில் ரகசியமாக வைத்துவிட்டு மறைந்துவிடுகிறாள். அடுத்தவர் பைக்குள் கைவிடுவதை வண்ணப்படம் போட்டுக் கற்றுத்தரும் புத்தகத்தை அனுமதித்தவர் யார் என்று அறிய விரும்புகிறேன். தங்கள் குழந்தைகள் பிரிவுப் பணியாளரிடம் கேட்டதற்கு, “நல்ல புத்தகம்மா, நீங்களும் படிச்சுப் பாருங்க” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பையும் விசாரணையில் சேர்க்க வேண்டும்.

3. பள்ளி விட்டதும் சிட்டு வாயிலருகே என் அறையில் வந்து உட்காருவாள். கழித்துப்போட்ட பட்டன்கள் கிடக்கும் தொட்டி அந்த அறைக்குப் பின்னால்தான் இருக்கிறது. எங்கள் விதிப்படி உடைந்த பட்டன்கூட வெளியே போகக் கூடாது. பெண்கள் தங்கள் பைகளை என் மேசையில் வரிசையாக வைத்துவிட்டு, விரல்ரேகை இயந்திரத்தில் விரல் வைக்கப் போவார்கள். அவர்கள் திரும்பி வந்ததும் ஒவ்வொரு பையாகத் திறப்பேன். இடைப்பட்ட நேரத்தில் பைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டியவள் நான். என் கண்ணோ எப்போதும் பெண்கள் மீதே இருக்கும்.

4. சென்ற வாரம், காஜா இயந்திரத்தில் சட்டைகளுக்குப் பட்டன் துளை போடும் பெண்ணின் (எல்லோருக்கும் அவர் காஜா அக்கா) சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் நூலில் கோத்த பட்டன்கள் கிடைத்தன. அவர் அந்த முடிச்சைப் பார்த்தார். மூலையில் இருந்த சிட்டுவைப் பார்த்தார். “எப்படி வந்துச்சுன்னு தெரியலைங்க” என்று மட்டும் சொன்னார். குற்றமற்றவர் கத்துவார், குற்றம் செய்தவர் அதைவிடக் கத்துவார். இவர் குரலையே உயர்த்தாததால் என் சந்தேகம் வலுத்தது. மேலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அவரை அனுப்பிவிட்டார்கள்.

5. மறுநாள் வீட்டுக்கு வந்து என் பையைத் திறந்தால், அதிலும் ஒரு பட்டன் பூ. சோதிப்பவளின் பையை யாரும் சோதிப்பதில்லை. யாரோ என்னைச் சிக்கவைக்கப் பார்க்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால், கோத்திருந்த நூல் சிட்டுவின் ரிப்பனிலிருந்து உருவியது. புத்தகத்தைப் பிடுங்கிப் புரட்டினேன். அச்சு அசலாக அதே பூ, அதே முடிச்சு. எனக்கு எதற்கடி வைத்தாய் என்று அதட்டினேன். “உன்கிட்டதான் யாருமே பேசறதில்லையேம்மா” என்றாள். அதன்பிறகு என்னால் அதட்ட முடியவில்லை.

6. காஜா அக்காவின் வீட்டுக்குப் போனேன். அது சிறுபிள்ளை போட்ட முடிச்சு என்று பார்த்ததுமே அவருக்குத் தெரிந்திருக்கிறது. “பிள்ளை கை வச்சதுன்னு சொன்னா உங்க வேலையும் போயிடும். பிள்ளைய வச்சுக்கிட்டு எங்க போவீங்க?” என்றார். அவர் பையைத் தினமும் குடைந்ததைத் தவிர அவருக்கு நான் ஒரு நன்மையும் செய்ததில்லை. இதில் அவருக்கு என்ன ஆதாயம் என்று வழியெல்லாம் யோசித்தேன், ஒன்றும் அகப்படவில்லை. அவரும் தங்கள் நூலக உறுப்பினரா என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.

7. மேலாளரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். “இத்தனை நாள் இல்லாத கரிசனம் திடீர்னு எங்கிருந்தும்மா வந்துச்சு?” என்று கேட்டார். அவர் இடத்தில் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். திங்கட்கிழமை விசாரணையில் குழந்தையே வந்து சொல்ல வேண்டும் என்கிறார். சிட்டு மாட்டேன் என்கிறாள். செய்ததை வெளியே சொன்னால் சக்தி போய்விடும் என்று புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் போட்டிருக்கிறதாம். “சக்தி போயிட்டா அக்காவை யாரும்மா காப்பாத்துவா?” என்று அழுகிறாள். மிரட்டினேன், கெஞ்சினேன். என் பேச்சு எடுபடவில்லை.

8. முதல் பக்கத்தில் தங்கள் வட்ட முத்திரை இருப்பதால், பூவிரலி தங்கள் அலுவலகத்தில்தான் வேலை பார்க்கிறாள் என்று சிட்டு நம்புகிறாள். ஆகவே, உண்மையைச் சொன்னால் பூவிரலியின் சக்தி போகாது என்று தாங்கள் அவளுக்கு ஒரு வரி எழுதி, அதே முத்திரையைப் பதித்து அனுப்ப வேண்டுகிறேன். இது வேடிக்கையல்ல ஐயா. காஜா அக்காவின் பிழைப்பு அந்த ஒரு வரியில்தான் தொங்குகிறது. மேலாளரிடம் காட்டுவதற்காகப் புத்தகத்தையும் திங்கட்கிழமை விசாரணை வரை என்னிடம் விட்டுவைக்க வேண்டும்.

9. புத்தகத்தின் மீதான புகாரை நான் திரும்பப் பெறவில்லை. அது யாரை என்ன செய்யும் என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. என் விஷயத்திலும் ஏதோ செய்திருக்கிறது என்று சந்தேகிக்கிறேன்.

திங்கட்கிழமைக்கு முன் பதில் வர வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: வாயில் அறை
நாள்: வெள்ளிக்கிழமை

இப்படிக்கு,
(கையொப்பம்)
சிட்டுவின் அம்மா

இணைப்பு: என் பையில் கிடைத்த பட்டன் பூ ஒன்று. பார்த்துவிட்டுத் தவறாமல் திருப்பி அனுப்பவும். அது எனக்கு வந்தது.