எட்வர்டு தோற்க வேண்டும் என்றேன்

கச்சிராயபாளையம் சாலையை அகலப்படுத்துகிறார்கள். இன்று காலை பேருந்து அங்கே நின்றபோது, புதிதாய் அறுத்த புளியமரத்தின் வாடை சன்னல் வழியே வந்து முகத்தில் மோதியது. என் மடியில் முடிவு எழுதப்படாத உன் புதினம் இருந்தது. நீ மறைந்தபின் உன் மகள் அதை என்னிடம் தந்தாள். "கடைசி அத்தியாயத்த நீங்க எழுதிக் குடுத்தாதான் அச்சுக்கு எடுப்பாங்களாம், பெரியப்பா" என்றாள். மறுத்துப் பேச நீ இல்லாத களத்தில், நம் பழைய வழக்கை நானே தீர்த்துவிடலாம். அந்த வாய்ப்புத்தான் இத்தனை நாளும் என்னை இருப்புக்கொள்ளவிடாமல் அலைக்கழித்தது.

இதே வாடைதான் அன்றும். இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் மரங்களை வெட்டிச் சாலையில் சாய்த்துப் பேருந்துகளை நிறுத்தியிருந்தோம். கள்ளக்குறிச்சியில் உன் தட்டச்சுப் பயிலகத்திற்கு மாணவர் எவரும் வரவில்லை. ஆளற்ற பொறிகளின் நடுவே நீ மட்டும் அமர்ந்து புதினத்தைத் தட்டிக்கொண்டிருந்தாய். ஊர் ஊராய் நடந்து முழங்கிவிட்டு, தொண்டை கட்டி நான் வருவேன். வெந்நீர் தந்துவிட்டு, அன்றைய பக்கத்தைப் படித்துக் காட்டுவாய்.

உன் கதையில், கரியாலூருக்கு அப்பால் ஒரு மலைச் சிற்றூர். புதிதாய் விளைந்த சாமையைத் தெய்வத்துக்குப் பொங்கலிட்டுப் படைக்குமுன் எவரும் உண்ணலாகாது என்பது அவ்வூர் வழக்கம். சின்னம்மா என்பவள், தன் பிள்ளையின் பசி பொறாமல், முன்னதாகவே உலையேற்றிவிடுகிறாள். அவளை ஊரைவிட்டு விலக்குவதா என்று ஊர் கூடுகிறது. செடிகொடிகளை ஆராய வந்து அங்கே தங்கிய எட்வர்டு என்னும் வெள்ளைக்காரன் அவளுக்காகப் பேசுகிறான்: ஒவ்வொருவரும் தனித்தனியே முழுமையானவர், பசிக்கு ஊரின் இசைவு எதற்கு? ஊர்த்தலைவரான கவுண்டர் மறுக்கிறார்: தானியம் மலையுடையது, முன்னோருடையது, இன்னும் பிறவாதவருடையது. எல்லாரும் காத்திருப்பதால்தான், இருப்பவன் முந்தித் தின்ன இல்லாதவன் பார்த்துக்கொண்டிருக்கும் நிலை இங்கில்லை. 'நான்' என்று ஒருவன் வாய் திறக்குமுன்பே 'நாம்' இருக்கிறோம்.

அங்கே நிறுத்தியிருந்தாய்.

"எட்வர்டு தோற்க வேண்டும்" என்றேன். மேலை மெய்யியலை நம் மலையின் மெய்யியல் மண்கவ்வச் செய்யும் அந்தப் பக்கத்தை மேடையில் படிக்க எனக்கு ஆசை.

"இன்னாயா, நாவலுக்கும் தீர்மானம் போடறியா?" என்று சிரித்தாய். "கவுண்டர் ஜெயிச்சா சின்னம்மா புள்ளைய தூக்கிக்கினு எங்க போவா? அத்த சொல்லு மொதல்ல."

"எட்வர்டு வென்றால் அந்த ஊர் ஊராய் இருக்குமா?"

"வூட்லயும் இப்டித்தான் செந்தமிழ்ல சோறு கேப்பியா? அந்த ஊர் இருக்காதுதான். அதனாலதான் எழுத முடியாம குந்திக்கினு இருக்கேன்."

நான் விடவில்லை. உன் முகம் மாறியது. "உன் பேச்சத்தான் கேட்டுக்கினு வரேனே. பசிக்குது, இனிமே எவன் உத்தரவுக்கும் காத்திருக்க மாட்டோம்னு சொல்றப்ப நீ எட்வர்டு. எங்க சனம் இத்தினி பேரு, அதுக்குத் தக்கன பங்கு குடுன்னு கேக்கறப்ப நீ கவுண்டர். ரெண்டு பேரும் உன் தொண்டையிலதான் இருக்காங்க. ஒருத்தன எறக்கிவுட்டா நீ எப்டியா பேசுவ?"

வெந்நீரைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன். அடுத்த கூட்டத்தில் என்றுமில்லாத கைதட்டல். ஆனால் ஒவ்வொரு சொற்றொடரிலும், இப்போது பேசுபவன் யார் என்று எனக்குள் ஒருவன் கேட்டுக்கொண்டேயிருந்தான். அவன் அதற்குப்பின் ஓயவேயில்லை.

உன் மகள் புதினத்தைத் தந்தபோது, சொல்லால் வாழ்ந்தவனுக்கு ஓர் இயல் எழுதுவது அரிதா என்றுதான் அமர்ந்தேன். எட்வர்டை வீழ்த்தினேன். படித்துப் பார்த்தால், அவன் வாயில் நான் இட்ட சொற்கள் விழுவதற்கென்றே செய்தவை. கிழித்துவிட்டு, அவனுக்கு வலுவூட்டினேன். கவுண்டர் வாயடைத்து நின்றார். அவரைப் பேசவைத்தேன், எட்வர்டு தலைகுனிந்தான். பிள்ளையை இடுப்பில் ஏந்திய சின்னம்மா இருவரையும் பார்த்து நின்றாள். அவளை எந்தப் பக்கம் அனுப்புவேன்?

உன் மகளிடம் இன்று புதினத்தைத் திருப்பித் தந்தேன்.

"முடிவே இல்லாம எப்டி பெரியப்பா போடறது? படிக்கறவங்க திட்டுவாங்க."

"திட்டட்டும் அம்மா. உன் அப்பா நிறுத்திய இடத்திலேயே நிற்கட்டும். அவர்கள் அச்சிட மறுத்தால் வேறிடம் தேடுவோம்."

அவள் முகம் தெளியவில்லை. உன் நூல் வெளிவராமலே போனால் அந்தப் பழி என்னைச் சேரும் என்பதை அறிந்தேதான் படியிறங்கினேன்.

மாலையில் தியாகதுருகத்தில் எங்கள் இடஒதுக்கீட்டுக் கூட்டம். எதிர்த்தரப்பை நொறுக்க எழுந்தவன், அவர்களே சொல்லியிராத வலுவோடு அவர்கள் வழக்கை எடுத்துரைத்துக்கொண்டிருந்தேன். கைதட்டல் நின்றுபோயிற்று. முன்வரிசையில் ஒருவர், "இன்னாங்க அய்யா, அந்தப் பக்கம் போய்ட்டீங்களா?" என்றார். கூட்டம் சிரித்தது. ஒலிவாங்கியைப் பற்றிக்கொண்டேன். அவர்கள் பக்கத்தில் இன்னும் ஓர் உண்மை எஞ்சியிருந்தது. அதையும் சொல்லிவிட்டே என் பக்கத்துக்கு வந்தேன்.