வாலைச் சுருட்டிய கிருமி

அன்புள்ள அப்பா,

அயோவாவில் நான் நலம். டென்மார்க்கில் குளிர் வந்துவிட்டதா? உங்கள் முழங்கால் வலி தேவலையா?

நம் பன்றிகளுக்கு ரத்தக் கழிச்சல் கொடுத்த அதே கிருமிதான் இங்கே ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. வந்த புதிதில் நுண்ணோக்கியில் பார்த்தால் அது ஓடுகிறது, நீந்த வேண்டிய வாலைக் காணோம். வேறு ஏதோ கிருமி என்று கொட்டிவிட்டேன்.

பக்கத்து மேஜை மார்லிஸ் சிரித்தாள். “வாலைச் சுருட்டி உடம்புக்குள்ளயே வச்சிருக்கும்டி. அதை வச்சுத்தான் திருகித் திருகிப் போகும். உன்ன மாதிரியே, வெளிய ஒண்ணும் காட்டாது.”

பிறகு அந்த வாலில் ஒரு புரதத்தை எடுத்துவிட்டோம். கிருமியின் வேகம் குறைந்தது, ஆனால் அது நிற்கவில்லை. ஏன் என்று இன்னும் பிடிபடவில்லை. பன்றிகளைப் பார்த்து “வால் தொங்கினா நோவு, சுருண்டா சுகம்” என்பீர்களே, உள்ளே இருக்கும் வாலை எப்படிப் பார்ப்பது?

கம்பளிக் காலுறையும் கொஞ்சம் கறுப்பு ரொட்டியும் அனுப்புங்கள். இங்கே ரொட்டி இனிக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். இந்தக் கிருமியைத் தொட்டவளைப் பன்றிக் கொட்டகைக்குள் விடமாட்டீர்கள், தெரியும். வாசலிலேயே நிற்கிறேன். நீங்கள் வெளியே வந்து என்னை ஒரு பார்வை பாருங்கள். சுகமா, நோவா என்று எனக்கே தெரியவில்லை.

பேருந்து வந்துவிட்டது.

உங்கள் சிக்னே