ஒரு கால் பெல்பாட்டம்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து மழை. கொடியில் போட்டது எதுவும் காயவில்லை. பி.பி. மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணாவுக்குச் சதாபிஷேகம். எண்பது வயசு, மன்னி கழுத்தில் மறுபடி தாலி, கோயில் கோட்டைக்குள் ஒரு கல்யாணக் கூடம், முந்நூறு இலை. எல்லா வீட்டிலும் உள்ளதுதான். புதுசு என்னவென்றால், பேத்தி அனகா 'ரெட்ரோ தீம்' வைக்கிறாளாம். கூடத்தில் கயிறு கட்டி, எட்டு பத்தாண்டுகளின் உடுப்புகளையும் கிளிப் போட்டுத் தொங்கவிடுவாள். ஒவ்வொன்றைப் பற்றியும் அண்ணா மைக்கில் பேசுவான். பேசச் சொன்னால் அவனுக்குச் சாப்பாடே வேண்டாம்.

அனகா போனில், பாதி மலையாளத்தில்: "அத்தைப்பாட்டி, பழைய டிரஸ் என்ன இருந்தாலும் வேணும், கேட்டோ. விண்டேஜ்னா இப்போ அடிபொளியாக்கும். பாட்டிகிட்ட கேட்டேன், ஒண்ணும் இல்லேன்னுட்டா."

மன்னியிடம் என்ன இருக்கும்? பூம் பூம் மாட்டுக்கு எதற்கு அலமாரி.

அனகா அனுப்பிய பட்டியல்:
அறுபது: பஃப் கை ரவிக்கை
எழுபது: பெல்பாட்டம், நைலக்ஸ் புடவை
எண்பது: புள்ளி போட்ட மேக்ஸி, சல்வார்
மீதி எல்லாம் பட்டு.

பெல்பாட்டமாம். இந்த வீட்டில் எவளைப் போட விட்டார்கள்?

நவம்பர் 5, புதன்

அனகாவோடு சாலைக்கடைத் தெரு. சேறு. செருப்பு வார் அறுந்தது.

நெல்லைக்காரர் ஜவுளிக்கடையில் 'ரெட்ரோ கலெக்‌ஷன்' என்று போர்டு. உள்ளே பார்த்தால் நைலக்ஸ் மூட்டை. பரணில் எலிப்புழுக்கையோடு கிடந்த அதே மூட்டை, மடிப்பு மஞ்சளித்து.

"இதைத்தானே விக்கலை விக்கலைன்னு அழுதீர்?" என்றேன்.

"எக்கா, அப்ப அது பழசு. இப்ப விண்டேஜு. இதான் ஓடுது பாத்துக்கிடுங்க."

உண்மை பேசிய ஒரே ஆள். அனகா இரண்டு எடுத்தாள். நைலக்ஸில் வியர்த்தால் தோல் எப்படி அரிக்கும் என்று இவளுக்கு எங்கே தெரியும்? ஏ.சி. அறையில் நின்று படம் எடுக்கப் போகிறாள். இடுப்பில் கை, ஆகாயத்தில் பார்வை. நாங்கள் யாரும் அப்படி நின்றதே இல்லை.

ஆனால் இவர்களை அது ஏன் இப்படி இழுக்கிறது? பஸ்ஸில் யோசித்தேன். அகலக் கால், படகுக் கழுத்து, பஃப் கை எல்லாம் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, அன்றைக்கும் நன்றாகத்தான் இருந்தது. போடாதே என்று சொன்னவர்களுக்கு இப்போது முட்டி வலி, எழுந்து வர முடியாது. அதனால் இன்னும் அழகாகத் தெரிகிறது. கரமனையில் இறங்கி மாத்திரை வாங்கினேன்.

நவம்பர் 6, வியாழன்

மழை விட்டது. டிரங்குப் பெட்டியைத் திறந்தேன்.

இருக்கிறது. பழுப்பு டெரிகாட்டன். ஒரு கால் முழுசு, கீழே முறம் மாதிரி அகலம். இன்னொரு கால் முட்டிக்கு மேலேயே நின்றுவிடுகிறது.

கல்லூரியில் பொன்முடிக்குச் சுற்றுலா. டியூஷன் எடுத்த காசில் துணி வாங்கி, யாருக்கும் தெரியாமல் தைத்தது. விடிகாலையில் போட்டுக்கொள்ளப் போகிறேன், அண்ணா பிடுங்கிவிட்டான். அப்பா போனபிறகு அவன்தானே எல்லாம். அடுக்களை வாசலில் நின்று ஒரே வெட்டு. "ஆம்பளை வேஷம் கட்டிண்டு மலையேறப் போறியோ?" மன்னி பக்கத்திலேயே நின்றாள், வாய் திறக்கவில்லை. வெட்டின துண்டை வீணாக்காமல் அடுப்பில் பிடிதுணி ஆக்கிக்கொண்டாள். மூன்று வருஷம் என் காலைப் பிடித்துத்தான் சாதம் இறக்கினாள்.

பொன்முடிக்கு அன்று போகவில்லை. பிறகும் போகவில்லை. இங்கிருந்து இரண்டு மணி நேரம்.

இதைத்தான் அனகாவிடம் கொடுக்கப் போகிறேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மைக்கைப் பிடித்து, முந்நூறு பேர் கேட்க, "நான்தான் வெட்டினேன்" என்று அவன் சொல்ல வேண்டும். மன்னிப்பெல்லாம் வேண்டாம்.

நவம்பர் 7, வெள்ளி

அனகா வந்து வாங்கிப்போனாள். தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு:

"அய்யோ அத்தைப்பாட்டி, அப்பவே அசிமெட்ரிக் கட்டா!"

ஆமாம்டி, உன் தாத்தா பெரிய டிசைனர். சொல்லவில்லை. ஞாயிறு வரை பொறுக்கலாம்.

நவம்பர் 9, ஞாயிறு

கால் வீக்கம். ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

அபிஷேகம், தாலி, எல்லாம் பத்தரைக்குள். பிறகு கயிற்றுப் பக்கம் கூட்டம். ஈரத் தலையோடு அண்ணா மைக்கில்:

"அந்தக் காலத்துல நம்மாத்துப் பொண்டுகள் என்ன லட்சணமா உடுத்திண்டா! நம்மாத்துல யாரையும் ஒண்ணும் தடுத்ததில்லை, தெரியுமோ?"

கைதட்டல். கை தட்டிய மூஞ்சிகளை எல்லாம் பார்த்து வைத்துக்கொண்டேன்.

பஃப் கை, நைலக்ஸ் தாண்டி என்னுடையதிடம் வந்தான். தொட்டான். புரட்டினான்.

"இதென்ன ஒத்தைக் கால்? எலி கடிச்சிருக்கும்!"

கூடமே சிரித்தது. நான் அவன் கண்ணைப் பார்த்தேன். நடிப்பு இல்லை. நிஜமாகவே ஞாபகம் இல்லை அவனுக்கு. ஐம்பது வருஷமாக நான் சுமந்தது அவன் மண்டையில் ஒரு நாள்கூடத் தங்கவில்லை. அவமானமாக இருந்தது.

அப்போது மன்னி. கூறைப் புடவை சரசரக்க எழுந்து வந்து, அவன் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். ஏதோ நன்றி சொல்லப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

"எலி இல்லை. நீங்கோதான் வெட்டினேள். கத்திரி எடுத்துக் குடுத்தது நான். ராஜி ஆசையா தைச்சிண்டது. நன்னா இருந்தது."

மந்திரம் சொன்ன வாத்தியார் பழக்க தோஷத்தில் விரலை ஆட்டிவிட்டார்: "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" அபசகுனச் சொல் காதில் விழாமல் இருக்கத்தானே அது. தாலி கட்டி ஒரு மணி நேரம் ஆயிற்று, நாயனக்காரர் பாதி காப்பியை வைத்துவிட்டு ஊதித் தள்ளினார். அட்சதைகூட யாரோ போட்டார்கள். பெல்பாட்டத்தின் மேலும் விழுந்தது.

அண்ணா காப்பி கேட்டான்.

மன்னி என் பக்கம் பார்க்கவில்லை. கத்திரி அவள் கொடுத்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவளை என்ன நினைப்பது என்றும் இப்போது தெரியவில்லை. பால் பாயசத்தில் சர்க்கரை அதிகம்.

நவம்பர் 10, திங்கள்

மழை இல்லை. காலை ஏழுக்கு மன்னி போன். ஞாபகமாக எனக்கு என்று அவள் போன் பண்ணியதே கிடையாது.

"பொன்முடிக்கு பஸ் எத்தனை மணிக்கு?"

"பஸ்ஸே அதிகம் கிடையாது மன்னி. வளைவு வளைவா இருக்கும். உங்களுக்குத் தலை சுத்தும், வாந்தி வரும்."

"வந்தா எடுத்துக்கறேன். நாளன்னிக்கிப் போலாமா? புடவை சரிப்படாது அங்கே, காத்து. எங்கிட்ட ஒரு சல்வார் இருக்கு."

எண்பதுகளில் சாலைக்கடைத் தெருவில் வாங்கினதாம். ஊதாவில் சின்னப் பூ. அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருந்தாளாம். ஒரு தடவைகூடப் போட்டதில்லை.

"அனகா அத்தனை தடவை கேட்டாளே, அதைக் கயித்துல மாட்டக் குடுத்திருக்கலாமே?"

"அது மாட்டி வைக்க வாங்கினதில்லைடி. போட்டுக்க வாங்கினது."