பூட்டிய காம்பராவில் வெளிச்சம்

1984 ஆகஸ்ட் 9, வியாழன்

ஓடைத் தண்ணீரில் சுழலும் மெஷின் இதுவரை தேயிலைத் தொழிற்சாலைக்கு மட்டுந்தான் கரண்ட் கொடுத்தது. காற்றில் சுழன்று கரண்ட் தரும் புதுக் காற்றாடியும் சேர்ந்ததால் இன்று தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கும் வந்தது.

பூட்டிக் கிடக்கும் பக்கத்து ஒற்றையறைக் காம்பராவிலும் பல்பு எரிகிறது. அங்கே இருந்த என் சிநேகிதி செல்வியின் குடும்பம் போன மாதம் ஒரேயடியாக இந்தியாவுக்குப் போய்விட்டது. வயர் இழுத்த நாள் முதல், கரண்ட் வராதபோதே, அவள் ஸ்விட்சைத் தட்டித் தட்டிப் பார்ப்பாள். போட்டபடியே போயிருக்கிறாள்.

“யாருக்குடி அந்த வெளக்கு, பேய்க்கா?” என்று எதிர்வீட்டு அக்கா சிரித்தார்.

“இருக்கிற கரண்ட் எல்லாருக்கும் பத்தணும்ல. நாளைக்கு வெட்டச் சொல்றேன்” என்றார் அப்பா.

“இருக்கட்டும்ப்பா.”

“ஏன், அவ வந்து படிக்கப் போறாளா?”

அந்த வெளிச்சம் கூரையைத் தொடாத நடுச்சுவருக்கு மேலாக எங்கள் பக்கமும் விழுகிறது. அதில் செல்வியை உட்காரவைத்துப் பார்க்கிறேன். நாங்கள் சேர்ந்து படித்த மண்ணெண்ணெய்க் குப்பி லாம்பு வெளிச்சத்தில்தான் அவள் முகம் வருகிறது.