படத்தில் இல்லாத கை

சங்கரன்கோவில்,
20.7.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

தர்ஷினி எழுதுவது. போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள், அதனால்தான் கடிதம். பிளஸ் ஒன்னில் நான் போட்டோகிராபி எடுத்த கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. நேற்றுகூட, "ஏட்டி, படம் புடிக்கதுக்கு ஒரு பாடமா? ஒங்க அப்பா கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாரு. நீ கேமராவத் தூக்கிட்டு அலையுத" என்றாள்.

செய்முறைத் தேர்வுக்கு வீட்டில் ஒருவரைப் பன்னிரண்டு படங்கள் எடுக்க வேண்டும். உங்களைத்தான் எடுப்பேன் என்று சாஜிதா பானு டீச்சரிடம் சொல்லிவிட்டேன். ஆடித் தபசுத் திருவிழாவுக்கு வருவீர்கள்தானே? இல்லையென்றால் நானே ஓசூருக்கு வரட்டுமா?

உங்கள்,
தர்ஷினி


ஓசூர்,
29.7.2025

அன்பு மகளுக்கு,

அப்பா நலம். கம்பெனியில் வேலை நெருக்கடி, தபசுக்கு லீவு இல்லை. நீ இங்கே வர வேண்டாம். ரூமில் எட்டுப் பேர் இருக்கிறோம். கூட இருக்கும் செல்லச்சாமி எடுத்த நாலு படங்களைப் பிரிண்ட் போட்டு அனுப்பியிருக்கிறேன். அதை வைத்து ஒப்பேற்றிவிடு. பஸ்ஸில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும். அம்மாவிடம் மல்லுக்கு நிற்காதே.

அப்பா,
துரைப்பாண்டி


சங்கரன்கோவில்,
10.8.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

பிறர் எடுத்த படத்தை ஒப்படைக்கக் கூடாது. ஆனாலும் அந்த நாலையும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

படத்தில் இருப்பதைப் பார்த்து முடித்தபின், அதில் இல்லாததையும் தேடச் சொல்வார் டீச்சர். அப்பா, நாலிலும் உங்கள் வலது கை இல்லை. ஒன்றில் பேண்ட் பாக்கெட்டுக்குள், ஒன்றில் துண்டுக்கு அடியில், ஒன்றில் கம்பத்துக்குப் பின்னால். நாலாவது படமே தோளோடு நின்றுவிடுகிறது. டீ கிளாஸ் இடது கையில்.

ஓடும் பஸ்ஸில் எழுதினால் கோடு நடுங்கும். உங்கள் எழுத்து நடுங்கவில்லை. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோல அழுத்தி அழுத்தி இருக்கிறது. தாளின் பின்பக்கம் தடவினால் விரலில் தட்டுப்படுகிறது.

வகுப்பில் உட்கார முடியவில்லை. வீட்டுக்கு வந்தால் அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை. கையை வெளியே எடுத்து ஒரே ஒரு படம் அனுப்புங்கள்.

தர்ஷினி


ஓசூர்,
22.8.2025

மக்கா,

உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. இன்றுதான் எழுத முடிந்தது.

உன் பாடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த மூன்றாவது வாரம், தகடு அடிக்கும் பிரஸ் மிஷினில் மூன்று விரல்கள் போய்விட்டன. புண் ஆறிவிட்டது. இப்போது அதே கம்பெனியில் கேட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள். வருகிற லாரி நம்பரை எழுத வேண்டும். இடது கையால் எழுதப் பழகியது அங்கேதான்.

"அண்ணாச்சி, வீட்டுல சொல்லிருங்க. எத்தன நாளைக்கு மறைப்பிய?" என்று செல்லச்சாமி தினமும் கேட்கிறான். நான்தான் அவன் சொல்லைக் கேட்கவில்லை. அம்மாவிடம் சொல்லாதே. தீபாவளிக்கு வந்து நானே சொல்கிறேன்.

படம் கேட்டிருந்தாய். முடியவில்லை, மக்கா.

அப்பா


சங்கரன்கோவில்,
27.8.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். என்னால் ஆகவில்லை.

அடுப்படியில் நின்றபடியே உங்கள் கடிதத்தைப் படித்தாள். "ஏட்டி, எந்தக் கை?" என்று கேட்டாள். சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "எந்தக் கை?" என்றாள். பிறகு பரண்மேல் இருந்த பையை இறக்கினாள்.

மகாராஜன் மாமாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். "எம்புருசனப் பாக்கதுக்கு எனக்கு எதுக்குட்டி தொணை?" என்றாள். மதுரையைத் தாண்டாதவள், ஓசூருக்கு எத்தனை பஸ் மாற வேண்டும் என்று என்னை எழுதித் தரச் சொன்னாள்.

அவள் துணி மடிக்கும்போது கேமராவை எடுத்தேன். திட்டவில்லை. தலையை நிமிர்த்தவும் இல்லை. பன்னிரண்டில் அதுதான் முதல் படம்.

இதைத் தபாலில் போடவில்லை, அம்மாவிடமே கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் படிக்கும்போது அவள் எதிரில்தான் நிற்பாள். பஸ்ஸில் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டாள். போதும் அப்பா, இதை மடித்து வைத்துவிட்டு அவளை உட்காரச் சொல்லுங்கள்.

தர்ஷினி