எக்ஸ் தெரியாமல் போன அப்பாவுக்கு

அப்பா,

நாளைக்குக் கணிதப் பரீட்சை. இன்று பின்னேரம் மண்டபத்தில் மேசை மேசையாகப் பிள்ளைகளின் பரீட்சைச் சுட்டெண் ஒட்டினோம். கோதுமை மாவில் காய்ச்சிய பசை, கை முழுக்க அதன் புளித்த மணம். நான் இப்போது கணித ரீச்சர், நாளைக்குப் பரீட்சை நோக்குநர். கடைசி வரிசைக்கு வந்தபோது உங்கள் நினைவு வந்து நின்றுவிட்டது. நீங்கள் கண்மூடி இரண்டு வருடமாகிறது. இதைச் சொல்ல வேறு ஆளில்லை, அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

பருத்தித்துறைக் கரையில் எந்த வள்ளத்து இயந்திரம் பழுதானாலும் உங்களிடம்தான் வரும். அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, மாலைக்குள் பூட்டி ஓடவிடுவீர்கள். ஆனால் யாராவது பாராட்டினால், "நான் மொக்கன், படிப்பு ஏறாத மண்டை" என்பீர்கள், ஏதோ சொந்த ஊரைச் சொல்வதுபோல. கடற்றொழிலாளர் சங்கத்துக்குத் தலைவராக இருக்கும்படி கேட்டு வந்தவர்களை, "படிச்ச ஆளாப் பாத்துப் போடுங்கோ" என்று அனுப்பிவிட்டீர்கள். அம்மாவுக்கு அதில் பெரிய மனக்குறை.

நான் பதினோராம் வகுப்புக்கு வந்த வருடம், ஒருநாள் நான் கணக்குச் செய்துகொண்டிருந்த கொப்பியை எட்டிப் பார்த்தீர்கள். குரலைத் தாழ்த்திக் கேட்டீர்கள்.

"பிள்ளை, உந்த எக்ஸ் எவ்வளவு?"

"அது கணக்குக்குக் கணக்கு மாறும் அப்பா."

"அப்ப உனக்கும் முதலே தெரியாதோ?"

"ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாததுக்குத்தானே எக்ஸ் எண்டு பேர் வைக்கிறது. பிறகு தேடிப் பிடிக்கிறது."

நீங்கள் கதிரையை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் இருந்தீர்கள். பிறகுதான் கதை வெளியே வந்தது. பதினான்கு வயதில் செங்கமாரி வந்து, கண்ணெல்லாம் மஞ்சளாகி, ஒரு மாதம் பள்ளிக்கூடம் போகவில்லை. திரும்பிப் போனால் கரும்பலகை நிறைய எக்ஸ். நீங்கள் இல்லாத நாளில் அதன் பெறுமதியை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்து, எழும்பி "எக்ஸ் எவ்வளவு சேர்?" என்று கேட்டிருக்கிறீர்கள். வகுப்பே சிரித்தது, ஆசிரியரும் சேர்ந்து சிரித்தார். அதன்பிறகு நீங்கள் எதையும் கேட்கவில்லை. பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறியது, படிப்பை விட்டீர்கள்.

"எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியாது எண்டு முப்பது வருசமா நினைச்சுக்கொண்டு இருந்திட்டன்" என்றீர்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பதினாறு வயதல்லவா, சிரித்தேன்.

அந்த வருடச் சாதாரண தரத்துக்கு விண்ணப்பம் கோரிய கையோடு, தனிப்பட்ட பரீட்சார்த்தியாகக் கணிதம் மட்டும் எழுத நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தீர்கள். "இந்த வயசில பாஸ் பண்ணி எந்தக் கந்தோருக்கு வேலைக்குப் போகப் போறியள்?" என்று அம்மா கேட்டார்.

"ஒரு கந்தோருக்கும் இல்லை. என்ரை மண்டைக்குள்ளை என்ன கிடக்கெண்டு நானே ஒருக்கா பாக்கவேணும்."

உங்களுக்குச் சொல்லித் தந்த ரீச்சர் நான். பொறுமை என்றால் என்னவென்று தெரியாத ரீச்சர். கழித்தல் குறி போட்ட மறை எண்ணை இன்னொரு மறை எண்ணால் பெருக்கினால் ஏன் நேர் எண் வருகிறது என்று கேட்டீர்கள். "அது அப்பிடித்தான்" என்று எரிந்து விழுந்தேன். "அப்பிடித்தான் எண்டால் உனக்கும் தெரியாது எண்டுதானே?" என்றீர்கள். உண்மைதான். தொண்ணூறுக்குக் குறையாமல் புள்ளி எடுத்துக்கொண்டிருந்தவள், விளங்காமலே எடுத்துக்கொண்டிருந்தேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு பேருமாக இரண்டு நாள் மண்டையைப் போட்டு உடைத்தோம்.

பரீட்சையன்று இருவருக்கும் ஒரே மண்டபம். வெள்ளைச் சட்டையும் நீளக் காற்சட்டையுமாக நீங்கள் உள்ளே வர, பிள்ளைகள் எல்லோரும் எழும்பி, "வணக்கம் சேர்" என்றார்கள். "இருங்கோ, இருங்கோ, நானும் சோதினைக்குத்தான் வந்தனான்" என்று அவசரமாகக் கடைசி மேசைக்குப் போனீர்கள். மண்டபமே சிரித்தது. எனக்குக் காது சுட்டது.

இடைவேளையில் பக்கத்து மேசைத் தோழி கேட்டாள். "ஆரடி உந்த ஐயா?"

"தெரியாது" என்றேன்.

திரும்பினால் இடைவேளைச் சாப்பாட்டுக்கு இரண்டு பாண் பார்சலோடு பின்னால் நிற்கிறீர்கள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒன்றை என்னிடம் நீட்டி, "பிள்ளை, இது உங்கடை வீட்டிலை தந்துவிட்டவை" என்றீர்கள். ஒருநாளும் என்னோடு "உங்கடை" என்று மரியாதை போட்டுப் பேசியிராத நீங்கள், ஊர் பேர் தெரியாத பிள்ளையோடு கதைப்பதுபோலக் கதைத்துவிட்டு, தண்ணீர்க் குழாயடியில் தனியாகப் போய் நின்று சாப்பிட்டீர்கள். நான் பார்சலைப் பிரிக்காமல் கையிலேயே வைத்திருந்தேன். ஓடிவந்து உங்கள் பக்கத்தில் நிற்க எனக்குத் துணிவில்லை.

பெறுபேறு வந்தது. எனக்கு ஏ தரம், நீங்கள் சித்தியடையவில்லை, பெயில். நீங்களோ உற்சாகமாக இருந்தீர்கள். "முந்தி ஏன் பெயிலெண்டு எனக்குத் தெரியாது. இந்தமுறை எது எது பிழைச்சதெண்டு கேள், சொல்லுறன்!" என்று கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினீர்கள். நான் அழுதேன்.

"உதுக்கேன் அழுறாய்? திரும்ப எழுதலாம்தானே."

"அதுக்கில்லை அப்பா. அண்டைக்கு உங்களைத் தெரியாதெண்டு சொன்னனான்."

"கேட்டனான்."

"கோவமில்லையோ?"

எழுதுவதை நிறுத்தாமலே சொன்னீர்கள். "நான் முப்பது வருசமா என்னைத் தெரியாமல் இருந்தனான். நீ ஒரு நாள்தானே பிள்ளை."

இப்போது பெற்றோர் வந்து "ஏ வருமோ ரீச்சர்?" என்று கேட்கிறார்கள். வரும் என்கிறேன், வரவும் வைக்கிறேன். படிப்பு உத்தியோகம் எடுத்துத் தரட்டும், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் தன்னைப் பற்றி வேறு யாரோ சொன்னதை ஒருவர் வாழ்நாள் முழுக்க நம்பிக்கொண்டிருக்காமல், தானே பார்த்துத் தீர்மானிக்கவும் அதே படிப்புத்தான் வேண்டும். என் வகுப்பில் கேள்வி கேட்கும் பிள்ளையைப் பார்த்து யாராவது சிரித்தால் நான் பொல்லாதவள். அதை ஊரே சொல்லும்.

அடுத்த முறை சித்தியடைந்தீர்கள். சங்கத்தார் திரும்பவும் கேட்டு வந்தபோது ஓம் என்று தலைவரானீர்கள். எல்லாம் சந்தோசம்தான். ஆனாலும் நான் இன்றும் என்னோடு வைத்திருப்பது அந்த இரண்டாவது பரீட்சைக் காலையை. நான் அப்போது உயர்தர வகுப்பு, எனக்குப் பரீட்சை இல்லை, இருந்தும் பள்ளிக்கூடத்துக்கு வருவதால் சீருடையோடு உங்களுடன் வந்தேன். தங்கச்சிமாரைக் கூட்டிவந்த என் வகுப்புத் தோழிகள் வாசலில் நின்றார்கள். காவலாளி உங்களை மறித்தார்.

"பெற்றோர் உள்ளுக்கை போகேலாது ஐயா. பிள்ளையை மட்டும் விடுங்கோ."

நீங்கள் அனுமதி அட்டையைத் தேடிச் சட்டைப்பையைத் தடவினீர்கள். நான் முன்னுக்கு வந்து, தெரு முழுக்கக் கேட்கச் சொன்னேன்.

"எனக்கில்லை அண்ணை. இவர் என்ரை அப்பா. இவருக்குத்தான் சோதினை."